பேர் வைக்கப்படாத பிறவிகள்: விஞ்ஞானப் புனைகதையின் செயற்கை மனிதரும் நாமும்

'பிராங்கன்ஸ்டைன்' என்றதும் நம்மில் அநேகருக்கு ஞாபகம் வருவது நெற்றியில் தையல் போட்ட, பெருத்த உடம்புள்ள ஒரு கோர உருவம். கேலிச்சித்திரக்காரரும் சினிமாக்காரரும் அரசியல் மேடையில் பேசுபவரும் அந்த உருவத்தைத்தான் அப்பேரால் அழைக்கிறார்கள். ஆனால் மேரி ஷெல்லியின் நாவலில் பிராங்கன்ஸ்டைன் என்பது அந்த உருவத்தை உண்டாக்கிய மாணவனின் பேர்; விக்டர் பிராங்கன்ஸ்டைன். அவன் உண்டாக்கியதற்குப் பேரே கிடையாது. நாவல் நெடுகிலும் அது பிசாசு என்றும் அரக்கன் என்றும் ஏசப்படுகிறது. பேர் சொல்லி ஒருவரும் கூப்பிடுவதில்லை. 1823இல் லண்டனில் அக்கதை மேடையேறியபோது, நாடக அறிவித்தலில் அப்பாத்திரத்தின் பேர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு ஒன்றைத்தான் போட்டிருந்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1818 ஜனவரியில் நாவல் முதற்பதிப்பாக வந்தபோது அதில் ஆசிரியையின் பேரும் இருக்கவில்லை.

200 வருடமாக வாசகர்கள் விடுகின்ற இந்தப் பிழையில் ஒரு நியாயமும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பேரில்லாமல் ஒரு பிறவியை விட்டுவைக்க மனித மனத்துக்கு ஏலாது. பெற்றவன் பேர் வைக்கவில்லை என்றால், பெற்றவனின் பேரையே பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது ஊர். விக்டர் மறுத்த பொறுப்பை வாசகர்கள் தங்களை அறியாமலே அவன் தலையில் திருப்பிக் கட்டிவிட்டார்கள்.

விஞ்ஞானப் புனைகதையில் வரும் செயற்கை மனிதர்கள் மனிதனைப் பற்றி நமக்கு எதைச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு, இந்தப் பேர் விஷயத்தில் இருந்து தொடங்குவதே பொருத்தம் என நினைக்கிறேன். வழமையாக நாம் தொடங்கும் இடம் வேறு. வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தாலே பிள்ளைகள் கேட்கும் முதற்கேள்வி, "சேர், ரோபோவுக்கு ரூஹ் இருக்கா?" என்பதுதான். பெரியவர்கள் அதையே கொஞ்சம் கோபத்தோடு கேட்பார்கள்: "படைக்கிறது அல்லாஹ்வுடைய வேலை, மனுசன் உயிரைப் படைக்கிற மாதிரிக் கதை எழுதலாமா?"

இவ்விரு கேள்விக்கும் நம் மார்க்கத்தில் பதில் தெளிவாகவே இருக்கிறது. ரூஹ் இறைவனின் கட்டளையைச் சார்ந்தது; அதைப் பற்றி மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட அறிவு கொஞ்சம். ஈஸா (அலை) களிமண்ணால் பறவையின் உருவம் செய்து ஊதியதும் அல்லாஹ்வின் அனுமதியைக் கொண்டுதான் அது பறந்தது. உருவம் செய்தவர்களிடம், செய்ததற்கு உயிர் கொடு என்று மறுமையில் சொல்லப்படும் என்றும், அது அவர்களுக்கு முடியாமல் போகும் என்றும் ஹதீஸில் வருகிறது. ஆகவே இயந்திரத்துக்கு ரூஹ் உண்டா என்பது இக்கதைகளைத் திறக்கும் சாவி ஆகாது. நல்ல எழுத்தாளர்கள் யாரும் அந்தப் பூட்டோடு மினக்கெடவும் இல்லை. அவர்களுடைய கவனமெல்லாம் செய்தவன் மேலேயே இருக்கிறது. மனிதனைப்போல ஒன்று எதிரே வந்து நிற்கும்போது, மனிதன் என்ன செய்கிறான்? அதை எப்படி அழைக்கிறான்? அதற்காக யாரிடம் பதில் சொல்கிறான்?

நம் வீடுகளில் ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் அதன் காதில் பாங்கு சொல்கிறோம். ஏழாம் நாள் பேர் வைக்கிறோம். வாழ்ந்து முடிந்ததும் இன்னாரின் மகன் இன்னார், இன்னாரின் மகள் இன்னார் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வருகிறது. மனித வாழ்க்கை என்பது இந்த இரண்டு குரல்களுக்கும் இடையில் நடக்கிற ஒன்று. அல்-குர்ஆன் சொல்லும் ஆதம் (அலை) அவர்களின் வரலாற்றிலும் பேர் முன்னுக்கு நிற்கிறது. மலக்குகளுக்குத் தெரியாத பெயர்கள் ஆதமுக்குக் கற்பிக்கப்பட்டன. ஆதமுக்குச் சுஜூது செய்ய மறுத்த இப்லீஸ் சொன்ன நியாயமோ மூலப்பொருளைப் பற்றியது. தான் நெருப்பு, இவர் களிமண். எதனால் செய்யப்பட்டது என்று மட்டும் பார்த்தான்; எதிரே நிற்பது யார் என்று பார்க்கவில்லை. செயற்கை மனிதர் பற்றிய கதைகளில் மனிதர்கள் செய்யும் பிழையும் பெரும்பாலும் இதுவே. அங்கே களிமண்ணுக்குப் பதிலாகப் பிணத்துண்டும் இரும்பும் கம்பியும் வருகின்றன.

ஷெல்லியின் கதையைப் பார்ப்போம். இரண்டு வருடம் ஊண் உறக்கமின்றி உழைத்த விக்டர், தன் படைப்பு கண்ணைத் திறந்த நொடியிலேயே அறையை விட்டு ஓடிவிடுகிறான். அது ஒரு குற்றமும் செய்திருக்கவில்லை. அதன் மஞ்சட் கண் அவனுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு அப்பிறவி காட்டோரத்துக் குடிசை ஒன்றின் சுவர் வெடிப்பினூடாக ஓர் ஏழைக் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்தே மொழி பழகுகிறது. அவர்களுக்குத் தெரியாமல் விறகு வெட்டிக் கொடுக்கிறது. குடும்பத்தின் கண் தெரியாத முதியவர் மட்டுமே அதனோடு ஆதரவாகக் கதைக்கிறார். கண் தெரிந்தவர்கள் வந்ததும் தடியால் அடித்துத் துரத்துகிறார்கள். பின்னால் அது செய்யும் கொலைகளை ஷெல்லி நியாயப்படுத்தவில்லை. ஆனால் கொலைகளின் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதை மறைக்கவும் இல்லை. ஒரு கொலைக்காக நிரபராதியான வேலைக்காரப் பெண் ஜஸ்டின் தூக்குக்குப் போகிறாள். உண்மை தெரிந்த விக்டர் வாய் திறக்கவில்லை. யார் அரக்கன் என்ற கேள்வி அந்த மௌனத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

முஸ்லிம் வாசகர்கள் இந்நாவலில் ஓர் இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்தப் பிறவி மொழி பழகுவது, அக்குடிசைக்கு வந்து சேரும் ஸாபி என்ற பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதை ஒளிந்திருந்து கேட்டுத்தான். ஸாபி துருக்கி வியாபாரி ஒருவரின் மகள். தாய் அரபுக் கிறிஸ்தவப் பெண். ஸாபியின் நற்குணமெல்லாம் தாயிடமிருந்து வந்ததாகவும், தகப்பன் நன்றி கெட்டவர் என்றும், முஸ்லிம் பெண்களுக்கு அறிவும் சுதந்திரமும் மறுக்கப்பட்டவை என்றும் ஷெல்லி எழுதிப்போகிறார். அக்கால ஐரோப்பாவின் பழகிப்போன தப்பபிப்பிராயம் இது. முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று நாவல் முழுவதும் வாதாடிய ஒருவரின் பேனா, ஒரு சமூகத்தைப் பற்றி எழுதும்போது முகம் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. இதற்காக நாவலைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. நாவல் கற்பிக்கும் பாடம் எழுதியவருக்கும் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதுமில்லை.

'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குத் தந்தவர் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக். 1920இல் அச்சாகி 1921இல் மேடையேறிய அவருடைய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில்தான் அச்சொல் முதலில் வருகிறது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் அண்ணன் ஜோசப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணைக்காரனுக்குக் குடியானவன் செய்யவேண்டிய கட்டாய வேலை. நாம் இன்று நினைப்பதுபோல் சாப்பெக்கின் ரோபோக்கள் இரும்பால் ஆனவையும் அல்ல. தசையும் இரத்தமும் போன்ற ஒருவகைக் கூழில் இருந்து தொழிற்சாலையில் வார்த்தெடுக்கப்பட்ட, பார்வைக்கு மனிதர் போன்ற வேலைக்காரர்கள். ஆகவே சொல் பிறந்தபோதே அது தொழில்நுட்பத்தைக் குறித்த சொல்லாக இருக்கவில்லை. வேலை வாங்குகிற உறவைக் குறித்தது.

அந்நாடகத்தின் தொடக்கத்தில் ஹெலெனா என்ற பெண் ரோபோக்களின் உரிமைக்காகத் தொழிற்சாலைத் தீவுக்கு வருகிறாள். ஸுல்லா என்ற ரோபோவை மனுசி என்று நம்புகிறாள். பிறகு உள்ளே வரும் உண்மையான மனித அதிகாரிகளை ரோபோக்கள் என்று நினைத்து அனுதாபப்படுகிறாள். பார்வையாளர் சிரிக்கும் இடம் இது. சிரித்து முடிந்ததும் நெஞ்சில் முள்ளாக நிற்கும் இடமும் இதுதான். பெண் ரோபோவுக்கு ஸுல்லா என்று ஏன் பேர் வைத்தார்கள்? மாரியஸும் ஸுல்லாவும் காதலர்கள் என்று தொழிற்சாலை முகாமையாளர் நினைத்திருந்தாராம். உண்மையில் அவர்கள் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட ரோமத் தளபதிகள். விக்டர் பேரே வைக்கவில்லை. இவர்கள் வைத்தார்கள், யாருடைய பேர் என்றுகூடத் தேடிப் பார்க்காமல். பொருளுக்கு ஒட்டும் லேபலுக்கும் பிள்ளைக்கு வைக்கும் பேருக்கும் உள்ள தூரத்தைச் சாப்பெக் ஒரு பகிடியில் சொல்லிவிடுகிறார். கிளர்ச்சி செய்து மனித இனத்தை அழிக்கும் ரோபோக்கள் ஒரேயொரு மனிதனை விட்டுவைக்கின்றன: கட்டடக்காரர் அல்குவிஸ்ட். அவரும் தங்களைப்போலக் கையால் வேலை செய்கிறவர் என்பதே காரணம்.

சாப்பெக்கின் நாடகத்தை நாம் நமது காலத்தில் வாசிக்க ஒரு சம்பவம் உதவும். 2017 ஒக்டோபரில் ரியாத் நகரில் நடந்த முதலீட்டு மாநாடு ஒன்றில், 'சோபியா' என்ற பெண்ணுருவ ரோபோவுக்குச் சவூதி அரேபியப் பிரஜாவுரிமை வழங்கப்பட்டதாக அறிவித்தார்கள். உலகமே அந்தப் பேரைத் தெரிந்துகொண்டது. அதே நாட்டின் வீடுகளில் எத்தனை வருடமாக நம் கிழக்கு மாகாணத்துப் பெண்களும் புத்தளத்துப் பெண்களும் சமைத்துக் கழுவிப் பிள்ளை வளர்த்து வருகிறார்கள்! பிரஜாவுரிமையை விடுங்கள், கபாலா முறையின் கீழ் அப்போது அவர்களுடைய விசாவே ஒரு வீட்டு முதலாளியின் கையில் இருந்தது. எத்தனையோ வீடுகளில் அவர்களுக்குப் பேர் 'கத்தாமா'. வேலைக்காரி என்ற அந்தச் சொல்லை நம் ஊரிலும் கூச்சமில்லாமல் சொல்லப் பழகிவிட்டோம்: "அவ கத்தாமாவாப் போயிருக்கா." இயந்திரத்துக்கு மனுசிப் பேரும், மனுசிக்கு வேலையின் பேரும். ஹெலெனா விட்ட பிழையை நாடகத்தில் பார்த்துச் சிரித்த நாம், அதே பிழையை வாழ்க்கையில் வழக்கமாக்கிக்கொண்டோம். செயற்கை மனிதர் பற்றிய இலக்கியம் வெளிநாட்டுப் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது.

நம் நாட்டோடு நேரடி உறவுள்ள உதாரணம் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தவர். ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து அவர் உருவாக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' 1968இல் படமாகவும் நாவலாகவும் வந்தது. அதில் வரும் ஹால் என்ற கணினி, விண்கலத்தில் தன்னோடு பயணித்த மனிதர்களைக் கொல்கிறது. இயந்திரம் மனிதனுக்குத் துரோகம் செய்யும் என்பதற்கு எடுத்துக்காட்டாக அநேகர் இன்றும் ஹாலைச் சொல்வார்கள். ஆனால் 1982இல் வந்த '2010: ஒடிஸி டூ' நாவலில் கிளார்க் தந்த விளக்கம் வேறு. பயணத்தின் உண்மையான நோக்கத்தைக் கூட இருக்கும் இருவரிடமும் மறைக்கும்படி ஹாலுக்கு மேலிடத்துக் கட்டளை. உள்ளதை உள்ளபடி சொல்வதற்காகவே செய்யப்பட்ட ஒன்றிடம் பொய் சொல் என்றால் அது எப்படித் தாங்கும்? ஹாலின் பைத்தியம் மனிதர் அதற்குள் வைத்த பொய்யின் விளைவு. அமானிதத்தைப் பாழாக்கியவர்கள் பூமியில் கதிரையில் இருக்கிறார்கள். பழி ஆகாயத்தில் இருக்கும் இயந்திரத்துக்கு.

ஹாலைப் பழக்கியெடுத்த விஞ்ஞானி கலாநிதி சந்திரா. நாவலில் அவருடைய முழுப்பேர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்ற நீண்ட தமிழ்ப் பேர். அமெரிக்கர் வாயில் அது சந்திரா என்று சுருங்கிவிட்டது. 1984இல் வந்த திரைப்படத்தில், எல்லோரும் ஹாலிடம் மறுபடியும் பொய் சொல்லிக் காரியத்தை முடிக்கப் பார்க்க, சந்திரா மட்டும் உண்மையைச் சொல்கிறார்: நாங்கள் தப்பிப்போவோம், நீ அழிந்துபோகக்கூடும். உண்மையைச் சொன்னதற்கு நன்றி கூறி ஹால் தன் கடமையைச் செய்கிறது. முந்திய கதையில் பொய்யால் கெட்டது, இங்கே உண்மையால் திருந்துகிறது. செய்த பொருளுக்குப் பொறுப்பேற்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிமையான உதாரணம் எனக்குத் தெரியாது. விக்டர் செய்யாததை சந்திரா செய்தார்.

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் 'ஆனந்த விகடன்' வழியாக நம் நாட்டு வாசகர்களையும் எட்டியது. ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் வாசித்து, யோசித்து, பகிடி விட்டு, கதையிலேயே ஆக உயிர்ப்புள்ள பாத்திரமாகிவிடுகிறது. மனிதர்களோ அரசாங்கத்தின் அனுமதியோடு பிள்ளை பெற்று, குறுகிப்போன பேர்களோடு வாழ்கிறார்கள். அவர்கள் கும்பிடும் தலைவன் ஜீவாவோ வெறும் ஒளியுருவம். ஜீனோவின் குறும்பை ரசித்த நாம், மனிதர் ஏன் அப்படி மங்கிப்போனார்கள் என்று கேட்கவில்லை. விறுவிறுப்புக்குப் பின்னால் சுஜாதா வைத்த கேள்வி அதுதான்.

இதுவரை பார்த்தவற்றில் ஒரு பொதுக்கோடு தெரிகிறது. பேர் சொல்லி அழைப்பதும் உண்மை சொல்வதும் பொறுப்பேற்பதும் மனிதத்தன்மை; இவை இல்லாத இடத்தில் மனிதனே இயந்திரம். இந்தக் கோட்டை அதன் முடிவுவரை இழுத்துச் சென்றவர், 2017இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோ. அவருடைய 'கிளாராவும் சூரியனும்' 2021இல் வந்தது. கிளாரா, ஜோசி என்ற நோயாளிச் சிறுமிக்குத் தோழியாக வாங்கப்பட்ட இயந்திரம். பிள்ளை இறந்துவிட்டால் கிளாராவையே ஜோசியாக மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று தாய் இரகசியமாகத் திட்டமிடுகிறாள். மனிதருக்குள்ளே நகலெடுக்க முடியாதது என்று ஒன்றும் இல்லை என்பது அதற்கு உதவுகிற ஆளின் கொள்கை. ஜோசி பிழைத்துக்கொள்கிறாள். பழம்பொருள் முற்றம் ஒன்றில் கைவிடப்பட்டுக் கிடக்கும் கிளாரா கடைசியில் ஒரு முடிவுக்கு வருகிறாள்: தன்னால் ஜோசியாக ஆகியிருக்க முடியாது, ஏனென்றால் ஜோசியின் தனித்துவம் ஜோசிக்குள் இருக்கவில்லை, அவளை நேசித்தவர்களுக்குள் இருந்தது.

வாசித்து மூடியதும் கண் கலங்கும் முடிவு. விமர்சகர்கள் பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு நிற்க ஏலவில்லை. ஒரு மனுசனின் மதிப்பு அவனை நேசிப்பவர்களின் நெஞ்சில் மட்டும்தான் இருக்கிறது என்றால், நேசிக்க ஆளில்லாதவனின் மதிப்பு எங்கே? அநாதைக்கும், தெருவில் கிடப்பவனுக்கும், சொந்தம் கோர ஒருவரும் வராத ஜனாஸாவுக்கும் என்ன மதிப்பு? நேசம் மதிப்பை உண்டாக்குகிறது என்று சொன்னால், நேசிக்கப்படாதவனை அழிப்பது குற்றமாகாமல் போகும். கிளாராவையே பாருங்கள். அவளை நேசிக்க ஆளில்லை என்றதும் முற்றத்தில் போட்டுவிட்டார்கள். இஷிகுரோ இதை அறியாதவரல்ல. அம்முற்றத்தை அவர் அவ்வளவு அமைதியாகக் காட்டுவதே நம்மை உறுத்துவதற்காக இருக்கலாம். ஆனால் அவருடைய நாவலுக்குள் இதற்கு விடை இல்லை.

ஆதமின் மக்களை அல்லாஹ் கண்ணியப்படுத்தினான் என்று குர்ஆன் சொல்வதில் நிபந்தனை ஒன்றும் இல்லை. நேசிக்கப்பட்டவர்கள், பேர் பெற்றவர்கள், நம்மவர்கள் என்ற பிரிப்பு அங்கே கிடையாது. ஒரு யூதரின் ஜனாஸா கடந்து போனபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதர் ஒருவரின் ஜனாஸா என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் ஆத்மாவல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். புஹாரியில் வரும் இச்செய்தியில், போன மனிதரின் பேர் இல்லை. அவரை நேசித்தவர் யார் என்ற விசாரணையும் இல்லை. மதிப்பு முன்னமே கொடுக்கப்பட்டுவிட்டது. எழுந்து நிற்பது அதை ஒப்புக்கொள்வது மட்டுமே. பேர் வைப்பதும் அப்படித்தான். பேரினால் பிள்ளைக்குக் கண்ணியம் வருவதில்லை. கண்ணியம் உள்ளது என்று தெரிந்தவன் பேர் வைக்கிறான்.

கிளாரா விட்ட இடத்தில் இருந்து தொடங்குகிற நாவல் ஒன்று நம் உம்மத்துக்குள் இருந்தே வந்திருக்கிறது. ஈராக்கிய எழுத்தாளர் அஹ்மத் ஸஅதாவியின் 'பக்தாதில் பிராங்கன்ஸ்டைன்' 2013இல் அரபியில் வெளியாகி, மறுவருடம் அரபு நாவலுக்கான சர்வதேசப் பரிசைப் பெற்றது. அப்பரிசை வென்ற முதல் ஈராக்கியர் அவர். 2018இல் ஆங்கிலத்திலும் வந்தது. கதை நடப்பது 2005இல், அமெரிக்கப் படையெடுப்புக்குப் பின், தினமும் குண்டு வெடித்த பக்தாதின் பதாவீன் பகுதியில். ஹாதி என்ற பழைய சாமான் வியாபாரி, குண்டுவெடிப்பில் சிதறியவர்களின் உடல் துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடொன்று தைத்து ஒரு முழு உடம்பாக்குகிறான். விக்டரைப்போல விஞ்ஞானப் புகழுக்காக அல்ல. குப்பையாக வாரிப்போடப்படும் இத்துண்டுகள் ஒரு முழு மையத்தாக மதிக்கப்பட்டு, முறையாக அடக்கப்பட வேண்டும் என்பதே அவனுடைய எண்ணம்.

இந்த எண்ணத்தின் கனத்தை இலங்கை முஸ்லிம் வாசகருக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி தொடக்கம் 2021 பெப்ரவரி இறுதிவரை, கொவிட் தொற்றால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று இந்நாட்டில் விதி இருந்தது. பிறந்து 20 நாளேயான குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலிக் கம்பிகளில் வெள்ளைத் துணித்துண்டுகளைக் கட்டித்தான் ஊர் தன் துக்கத்தைச் சொன்னது; அந்நியச் சமூகத்தவரும் வந்து கட்டினார்கள். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டபோது அழுதவர்களுக்குத் தெரியும், ஒரு பிடி மண்ணுக்காக மனுசன் ஏன் இவ்வளவு போராடுகிறான் என்று. மையத்துக்கு வலி தெரியாது, சடங்கு எதற்கு என்று கேட்பவர்கள் மூலப்பொருளை மட்டும் பார்ப்பவர்கள். ஹாதி அப்படிப் பார்க்கவில்லை.

ஆனால் ஸஅதாவி அவனைப் புனிதனாக்கவும் இல்லை. தைத்த உடம்புக்குள், குண்டில் சிதறிய ஹோட்டல் காவலாளி ஒருவனின் அலையும் ஆத்மா புகுந்துகொள்கிறது. பக்கத்து வீட்டில் எலிஷ்வா என்ற அசீரியக் கிறிஸ்தவ மூதாட்டி. ஈரான் - ஈராக் யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத மகன் தானியேல் ஒருநாள் வருவான் என்று 20 வருடமாகக் காத்திருப்பவள். அந்தக் கோர உருவத்தைக் கண்டதும் பயப்படாமல், மகனே தானியேல் என்று கூப்பிட்டு, மகனுடைய உடுப்பை எடுத்துக் கொடுக்கிறாள். காணாமற்போனவர்களின் படத்தை நெஞ்சோடு பிடித்து நிற்கும் தாய்மாரை, எல்லா இனத்திலும் பார்த்த நாடு இது. எலிஷ்வாவை வாசிக்கும்போது அவர்களின் முகம் வராமல் இருக்காது. உண்டாக்கியவன் பேர் வைக்கவில்லை. ஹாதிக்கு அது வெறும் 'பேரென்னவோ'. பேர் வைத்தது மகனை இழந்த ஓர் உம்மா.

அந்த 'பேரென்னவோ' தன் உடம்பில் உள்ள ஒவ்வொரு துண்டுக்கும் உரியவரைக் கொன்றவர்களைத் தேடிப் பழிவாங்கத் தொடங்குகிறது. ஒரு பழி தீர்ந்ததும் அந்தத் துண்டு அழுகி விழுகிறது. உயிரோடிருக்கப் புதுத் துண்டு வேண்டும். கண் பழுதானபோது ஒரு குற்றமும் செய்யாத முதியவர் ஒருவரைக் கொன்று கண்ணை எடுத்துக்கொள்கிறது; அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடிக்கிறது. போகப்போக அந்த உடம்பில் எத்தனை பங்கு நிரபராதி, எத்தனை பங்கு குற்றவாளி என்று அதற்கே சொல்லத் தெரியாமல் போகிறது. எல்லா இனத்துத் துண்டுகளும் சேர்ந்த தானே முதலாவது உண்மையான ஈராக்கியன் என்று நம்புகிற சீடர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். நீதிக்காக எழுந்த ஒன்று, தன் இருப்புக்காகவே இரத்தம் தேடும் ஒன்றாக மாறும் கதை யுத்தம் பார்த்த எந்த மண்ணுக்கும் புதிதல்ல. நம் நாட்டில் எல்லாத் தரப்பும், நமது தரப்பு உட்பட, இதில் தன் முகத்தைத் தேடிப் பார்க்கலாம்.

நாவலின் முடிவில் ஹாதி ஒரு குண்டுவெடிப்பில் எரிந்து முகம் சிதைகிறான். கண்ணாடியில் பார்த்தால் தெரிவது, தான் தைத்த உருவத்தின் முகம். அதிகாரிகளும் அவனையே அந்தக் கொலைகாரன் என்று பிடித்து அறிவிக்கிறார்கள். உண்டாக்கியவனின் பேரை உண்டானதற்குச் சூட்டிய அந்த 200 வருடப் பிழையை ஸஅதாவி தலைகீழாக்கி, உண்டானதன் முகத்தை உண்டாக்கியவனுக்குச் சூட்டிவிட்டார். நல்ல நோக்கத்தோடு தைத்தவனும், தைத்தது நடக்கத் தொடங்கியபின் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்தான்.

செயற்கை மனிதர் நம்மைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு இவ்வெழுத்தாளர்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. வானமும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்தான் என்கிறது குர்ஆன். மனிதனாக இருப்பது என்றால், கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவனாக இருப்பது. செய்ததற்கும், செய்யாமல் விட்டதற்கும். இனி வரும் இயந்திரங்கள் கவிதை எழுதலாம், பாடம் நடத்தலாம், நம் குரலிலேயே கதைக்கலாம். மறுமையில் அவற்றிடம் கேள்வி இல்லை. கேள்வி நம்மிடம்தான்.

நம் சமூகத்தின் எழுத்தாளர்களிடம் ஒன்றைக் கேட்டு நிறுத்துகிறேன். ரோபோவை வைத்துக் கதை எழுதினால்தான் விஞ்ஞானப் புனைகதை என்றில்லை. கத்தாமாவாகப் போனவளும், சாம்பலாகத் திரும்பி வந்த ஜனாஸாவும், திரும்பியே வராதவனும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பேர் நம் இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது?